உயிரியல் ஆசிரியர் பயிற்சி (செங்கல்பட்டு வட்டாரம்)

உயிரியல் ஆசிரியர் பயிற்சி என்பது தாவரவியல், விலங்கியல் முதலிய துறைகளில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களைப் பள்ளிகளில் உயிரியல் கற்பிக்கத் தகுதிப்படுத்தும் உயர்கல்வி ஆகும். தமிழ்நாட்டில் இது இளநிலைக் கல்வியியல் (பி.எட்.) பட்டப்படிப்பின் ஒரு பிரிவாக அமைந்துள்ளது. செங்கல்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரம் கடற்கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்பயிற்சியின் முதன்மைக் குறையையும் அதனைச் சுற்றுப்புறத்தின் துணையால் களையும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

சென்னை மாகாணத்தின் பழைமையான ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுள் ஒன்று 1856இல் தோன்றிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. 19ஆம் நூற்றாண்டில் சைதாப்பேட்டை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, மாநிலத்தின் கல்வியியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு இரண்டாண்டாக நீட்டிக்கப்பட்டது. பள்ளியில் பெறும் களப்பயிற்சி 20 வாரங்களாக உயர்ந்தது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019இல்.

பட்டமும் பாடமும்

பயிற்சி மாணவர் தாவரவியல் அல்லது விலங்கியல் பட்டதாரியாக இருப்பார். மற்றொன்றை அவர் பெரும்பாலும் துணைப்பாடமாக மட்டுமே படித்திருப்பார். பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம் என்பதால், பணியில் சேர்ந்ததும் அவர் இரண்டையும், கூடவே இயற்பியலையும் வேதியியலையும் நடத்த வேண்டியிருக்கும். பி.எட். படிப்பு கற்பிக்கும் முறையைத் தருகிறது, விடுபட்ட பாடப்பொருளை நிரப்புவதில்லை. எனவே பாடக்குறிப்பு எழுதுவதும், நுண்ணிலைக் கற்பித்தலும், பதிவேடு முடிப்பதும் ஒழுங்காக நடக்க, கையில் ஓர் உயிரியையும் எடுத்துப் பார்க்காமலே பயிற்சி நிறைவடைந்துவிடக் கூடும். கடையில் வாங்கிய விளக்கப்படத்துக்கும் மதிப்பெண் உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் படிப்புகளில் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறையைக் கைவிடுமாறு அறிவித்தது. அது சரியான முடிவே. ஆனால் அவ்விடத்தை நிரப்ப வேண்டிய களக்கல்வி பல இடங்களில் வந்து சேரவில்லை.

முட்டையின் வெப்பநிலை

குழந்தையின் பாலினத்தைத் தந்தையின் விந்தணுவிலுள்ள எக்சு அல்லது ஒய் நிறப்புரி முடிவு செய்கிறது என்பது பள்ளிப் பாடம். பெண் குழந்தை பிறந்ததற்குத் தாயைப் பழிக்கும் வழக்கத்தை மறுக்க இப்பாடம் பயன்படுவதால் இதனைத் திருத்தமாகக் கற்பித்தல் அவசியமாகும். ஆனால் இதை எல்லா விலங்குகளுக்கும் உரிய பொதுவிதியாகச் சொல்லும் ஆசிரியரை மாமல்லபுரம் கடற்கரையே மறுத்துவிடும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1976இல் சென்னை முதலைப் பண்ணை தொடங்கப்பட்டது. அங்கு சதுப்புநில முதலையின் முட்டைகளை வெவ்வேறு மாறா வெப்பநிலைகளில் வைத்துச் செய்த ஆய்வை லாங், ஆண்ட்ரூசு, விட்டேக்கர் ஆகியோர் 1989இல் வெளியிட்டனர். 28 முதல் 31 பாகை செல்சியசு வரை பெண் குஞ்சுகள் மட்டுமே தோன்றின, 32.5 பாகையில் ஆண் குஞ்சுகள் மட்டுமே தோன்றின. இவ்விலங்குகளில் பாலினத்தை முடிவு செய்வது நிறப்புரியன்று, அடைகாக்கும் வெப்பமே.

இதே கரையில் சனவரி முதல் மார்ச்சு வரை முட்டையிடும் பங்குனி ஆமையிலும் வெப்பமே பாலினத்தை முடிவு செய்கிறது. ஆனால் போக்கு வேறு: குளிர்ந்த மணலில் ஆண், சூடான மணலில் பெண். ஆகவே முட்டைகளை எடுத்துவந்து பாதுகாக்கும் பொரிப்பகத்தில் நிழற்பந்தல் போடுவதும் போடாமல் விடுவதும் குஞ்சுகளின் பால் விகிதத்தை மாற்றக்கூடும். ஒரு பயிற்சி மாணவர் பொரிப்பக மணலில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானியை வைத்து ஒரு வாரம் அளந்தால், நிறப்புரி, சூழல், காலநிலை மாற்றம் ஆகிய மூன்றையும் ஒரே பாடத்தில் இணைக்க முடியும். பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. முட்டையைத் தொடவும் வனத்துறையின் அனுமதி தேவை என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பாம்புக்கடி

உயிரியல் ஆசிரியர் தவறாகச் சொன்னால் உயிரிழப்பு நேரக்கூடிய பாடம் இது. கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை இன்றும் முதலுதவியாக நம்பப்படுகின்றன. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனை சேர்வதே சரியான செயல். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது.

வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சு இங்கு எடுக்கப்படுகிறது. பின்னர் பாம்புகள் காட்டில் விடப்படுகின்றன. அந்நஞ்சைச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நச்சுமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. நோயெதிர்ப்பியலுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு இவ்வட்டாரப் பள்ளிகளுக்குக் கிடைப்பது அரிது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க உதவினர். 2023இல் பத்மசிறீ பெற்றனர். இத்தகையோரைக் கல்வியியல் கல்லூரிகள் விருந்தினர் விரிவுரையாளராக அழைக்கத் தடையேதும் இருக்கக் கூடாது.

பிற களங்கள்

வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நாரை, நீர்க்காகம் முதலியவற்றின் எச்சம் ஏரிநீரை வளமாக்குகிறது. அந்நீர் வயலுக்குப் பாய்கிறது. நைட்ரசன் சுழற்சியை உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த இடம் எனலாம். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ராம்சர் களங்களாயின. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையம் உள்ளது. உற்றுநோக்கி வரையும் பயிற்சிக்கு மாமல்லபுரத்துச் சிற்பங்களே போதும். பேன் பார்க்கும் குரங்கையும் மூக்கைச் சொறியும் மானையும் செதுக்கியவர்கள் விலங்கு நடத்தையை நேரில் கவனித்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

நடைமுறைத் தடைகள்

பறவைகள் கூடும் பருவமும் ஆமைப் பருவமும் பள்ளிகளின் திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வுக் காலத்தோடு மோதுகின்றன. அப்போது பயிற்சி மாணவரை வெளியே அனுப்பத் தலைமையாசிரியர்கள் தயங்குவர். பேருந்துச் செலவு, பெற்றோர் ஒப்புதல், வனத்துறை அனுமதி ஆகியவையும் உள்ளன. இவற்றுள் எளிதில் மாற்றக்கூடியது மதிப்பீடு ஆகும். விளக்கப்படத்துக்கும் பதிவேட்டுக்கும் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, பள்ளிக்கு அருகிலுள்ள ஏரி, குளம் அல்லது கரையில் மாணவரே திரட்டிய அளவீடுகளுக்கு ஒதுக்கலாம். அதற்குப் பேருந்தும் தேவையில்லை.