புதிய கமக்கருவியை வாங்குவோருக்கு எடுத்துக்காட்டும் முறை

கமத்தொழிலில் வழங்கும் கருவிகளுட் பல வயலிலும் தோட்டத்திலுமே முதலில் உருவானவை. நாள் முழுவதும் குனிந்து களை பிடுங்குபவருக்கே அவ்வேலையின் வருத்தம் முற்றாகத் தெரியும். அதனைக் குறைக்கும் வழியும் பெரும்பாலும் அவருக்கே முதலில் தோன்றும். பழைய சைக்கிளின் சில்லையும் சில இரும்புத் தகடுகளையும் கொண்டு, ஊர்க் கொல்லரின் உதவியுடன் புதியதொரு கருவியைச் செய்து தமது தோட்டத்திற் பயன்படுத்தும் கமக்காரர் பல ஊர்களிலும் உளர்.

எனினும் அத்தகைய கருவி அவருடைய வேலியைத் தாண்டிச் செல்வது அரிது. சில வேளைகளில் அது மாலின் மூலையிற் கிடந்து துருப்பிடிக்கின்றது. வேறு சில வேளைகளில் அதனைப் பார்த்துச் சென்ற ஒருவர் தாமே செய்து விற்று இலாபமடைகின்றார். முதலாவது அயற் கமக்காரருக்கு நட்டம். இரண்டாவது கண்டுபிடித்தவருக்கு நட்டம். இவ்விரு நட்டங்களையும் தவிர்ப்பதற்கு, கருவியைச் செய்யும் திறமையுடன் அதனை வாங்குவோர்முன் வைக்கும் முறையும் தெரிந்திருத்தல் வேண்டும். வாங்குபவர் பணம் கொடுப்பது, கருவி தமக்குப் பயன் தரும் என்பதற்குரிய சான்றைக் கண்ட பின்னரே. அச்சான்றைத் தேடி ஆயத்தப்படுத்துவதே எடுத்துக்காட்டலின் பெரும்பகுதியாகும்.

வயல் கூறும் சான்று

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திற் கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்தவர் சைரஸ் மக்கோமிக். குதிரை இழுக்கும் அறுவடை இயந்திரம் ஒன்றைச் செய்வதற்கு அவருடைய தந்தையார் பல ஆண்டுகள் முயன்றும் வெற்றி பெறவில்லை. மகன் 1831 இல் அவ்வியந்திரத்தை அயலார் முன்னிலையில் வயலில் ஓட்டிக் காட்டினார். 1834 இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் அவர் உடனே விற்பனையில் இறங்கவில்லை. குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்திய பின்னர், 1842 இல் 7 இயந்திரங்களும், 1843 இல் 29 இயந்திரங்களும், 1844 இல் 50 இயந்திரங்களும் விற்றார்.

1851 இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் அவ்வியந்திரம் வைக்கப்பட்டபொழுது, அதன் உருவத்தைக் கண்டு பத்திரிகைகள் நகைத்தன. அவ்வாண்டு யூலை மாதத்தில் எசெக்ஸ் பகுதியிலுள்ள ஒரு பண்ணையிற் பரீட்சை நடைபெற்றது. அன்று மழை, கோதுமையோ முற்றாத பச்சைப் பயிர். அங்கு கொண்டுவரப்பட்ட மற்றோர் இயந்திரம் ஈரத்தாள் அடைத்துத் தடைப்பட்டது. மக்கோமிக்கின் இயந்திரம் தடையின்றி அறுத்துச் சென்றது. நகைத்தவர்களே பின்னர் புகழ்ந்தனர். கண்காட்சியின் உயர்ந்த பதக்கமும் அதற்குக் கிடைத்தது.

இதிலிருந்து கமக்காரர் அறிய வேண்டியவை இரண்டு. மண்டபத்தில் நிறுத்தி வைத்த கருவி தன் பயனைத் தானே கூறாது. வயலில் ஓடும்பொழுதே அது விளங்கும். அன்றியும், நல்ல நிலத்தில், நல்ல நாளில் மட்டும் வேலை செய்து காட்டுவது போதாது. சேறு மிகுந்த இடத்திலும், களை அடர்ந்த பாத்தியிலும், பழக்கமில்லாதவர் கையிலும் கருவி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை முன்னரே பரீட்சித்துக் கொள்ளல் வேண்டும்.

தேவையை அறிதல்

இலங்கையின் வட, கிழக்குப் பகுதிகளில் இருசக்கர உழவு இயந்திரத்தை ‘லான்ட்மாஸ்ரர்’ என்று அழைப்பது வழக்கம். அப்பெயர், அதனை இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிற் செய்து விற்ற கம்பனியின் பெயராகும். அவ்வியந்திரத்தை 1950 களில் அமைத்தவர் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010). சிறு வயலுக்கேற்ற இயந்திரம் வேண்டும் என்ற தேவையை அவர் கண்டார். பெருந்தொகையாகச் செய்யும் வசதி கம்பனியிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தமையால் அவருடைய எண்ணம் பல நாடுகளின் வயல்களைச் சென்றடைந்தது.

பிற்காலத்தில் அவரே, உழவை இயந்திரத்தாற் செய்வதனால் விளைச்சல் கூடுகின்றதா என்ற கேள்வியை எழுப்பி, உழாமற் பயிரிடும் முறைகளை ஆராயத் தொடங்கினார். தமது ஆக்கத்தையே இவ்வாறு கேள்விக்கு உட்படுத்தும் மனம் கண்டுபிடிப்பாளருக்கு வேண்டும். இக்கருவி எவருடைய எந்த வேலையைக் குறைக்கின்றது? இது இல்லாதபொழுது அவர் அவ்வேலையை எவ்வாறு செய்கின்றார்? அதனாற் படும் நட்டம் எவ்வளவு? இவற்றிற்கு இரண்டு மூன்று வசனங்களில் விடை கூற இயலாதவர் வாங்குவோரிடம் செல்வதைச் சிறிது காலம் ஒத்திவைத்தல் நன்று.

அளந்து குறித்தல்

‘வேலை விரைவாக முடியும்’ என்று கூறுவதால் எவரும் திருப்தியடையமாட்டார். எண்களே நம்பிக்கை தரும். ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணுள்ள இரண்டு துண்டுகளை அரைக்கால் ஏக்கர் வீதம் அளந்து கொள்க. ஒன்றில் வழக்கமான முறையிலும், மற்றதிற் புதிய கருவியாலும் களை எடுக்கச் செய்து பின்வருவனவற்றைக் கொப்பியிற் குறித்தல் வேண்டும்: வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஆட்களின் தொகை, சேதமடைந்த பயிர்களின் தொகை, எஞ்சிய களை, கருவி பழுதுபட்ட தடவைகள், அறுவடையின்பொழுது இரு துண்டுகளிலும் கிடைத்த விளைச்சல். காலபோகம், சிறுபோகம் ஆகிய இரண்டிலும் இவ்வாறு செய்தல் சாலச் சிறந்தது.

உதாரணமாக, அரைக்கால் ஏக்கர் வெங்காயத்திற் கையாற் களை எடுக்க 3 ஆட்களுக்கு ஒரு நாளும், கருவியால் 1 ஆளுக்கு ஒரு நாளும் சென்றன என வைத்துக் கொள்வோம். மீதமாவது 2 நாட்கூலி. ஓர் ஏக்கருக்கு 16 நாட்கூலி. கருவியின் விலை 32 நாட்கூலிக்குச் சமமாயின், ஓர் ஏக்கரில் ஒரு போகத்தில் இருமுறை களை எடுக்கும் கமக்காரர் அப்போகத்திலேயே விலையை மீட்டுவிடுவார். கால் ஏக்கர் மட்டும் செய்பவருக்கு நான்கு போகம் செல்லும். ஆகவே அவருக்குத் தனியே வாங்குவதிலும் அயலாருடன் கூட்டாக வாங்குவதே பொருந்தும் என்பதையும் மறையாது கூறுதல் வேண்டும்.

கருவியின் குறைகளையும் அதே கொப்பியிற் குறித்தல் அவசியம். கல் நிறைந்த நிலத்தில் அது வேலை செய்யாதாயின் அதனை முதலிலேயே கூறிவிட வேண்டும். வாங்கியவர் அதனைத் தாமாகக் கண்டறிந்தால், அதன்பின் கூறப்படும் உண்மைகளையும் அவர் நம்பமாட்டார்.

காட்டுமுன் காத்துக்கொள்ளல்

புதிய ஆக்கம் ஒன்றினைப் பிறர் அனுமதியின்றிச் செய்து விற்காவண்ணம் தடுக்கும் உரிமையே ஆக்கவுரிமையாகும். இலங்கையில் இது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வழங்கப்படுகின்றது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். ஆக்கம் புதியதாயும், அத்துறை அறிந்தவர் எளிதில் ஊகிக்க முடியாததாயும், தொழிலிற் பயன்படுத்தத் தக்கதாயும் இருத்தல் வேண்டும். உரிய கட்டணங்களைச் செலுத்தி வரின், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிமை நிலைக்கும். இவ்வுரிமை இலங்கைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். புதிய பயிரினங்களுக்கு இச்சட்டத்தின் கீழ் ஆக்கவுரிமை இல்லை.

விண்ணப்பிக்குமுன் சந்தையிலோ கண்காட்சியிலோ கருவியைப் பலர் காண வைப்பது ஆபத்தானது. பலரும் அறிந்த பொருள் புதியதன்று எனப் பின்னர் வாதிக்க இடமுண்டாகும். முன்னதாக ஒருவருக்குக் காட்ட நேர்ந்தால், இரகசியம் பேணுவதாக அவரிடம் எழுத்திற் கையொப்பம் பெறுதல் வேண்டும். வரைபடங்களையும் பரீட்சைக் குறிப்புகளையும் திகதியிட்டுப் பாதுகாத்தலும் பிற்காலத்தில் உதவும்.

கருவியை அமைப்பதிற் கொல்லரோ வேறொருவரோ தமது அறிவையும் செலுத்தியிருந்தால், அவருடைய பெயரை மறைத்தல் தகாது. மக்கோமிக்கின் அறுவடை இயந்திரத்தை உருவாக்கும் வேலையில் ஜோ அன்டர்சன் என்னும் அடிமைத் தொழிலாளி உடனிருந்து உழைத்தார். இலாபம் அவரைச் சேரவில்லை. கூடிச் செய்த ஆக்கத்தின் பங்கைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது நீதியுமாகும். பிற்கால வழக்கையும் தவிர்க்கும்.

வாங்குவோரை வேறுபடுத்தி அறிதல்

ஒரே பேச்சை எல்லோரிடமும் பேசுவதாற் பயனில்லை. கமக்காரர் கேட்பது, ‘எத்தனை போகத்தில் விலை மீளும்? பழுதுபட்டால் ஊரிலே திருத்தலாமா?’ என்பவையே. பட்டறை உரிமையாளரோ, கருவியைச் செய்ய எவ்வளவு இரும்பு, எவ்வளவு நேரம், எந்த அச்சு வேண்டும், எத்தனை பேர் வாங்குவர் என்று கேட்பார். கூட்டுறவுச் சங்கமும் கமக்காரர் அமைப்பும், பலர் மாறி மாறிப் பாவிக்கும்பொழுது கருவி தாங்குமா, வாடகைக்கு விடலாமா என்று ஆராயும். செல்லும் இடத்திற்கேற்ற விடைகளை முன்னரே ஆயத்தப்படுத்துக.

மகா இலுப்பள்ளமையிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் கமக்கருவிகளைப் பரீட்சிக்கும் பணியைச் செய்கின்றது. அத்தகைய நிலையத்தின் பரீட்சை முடிவு, கண்டுபிடித்தவரின் நூறு சொல்லிலும் பெறுமதி வாய்ந்தது.

செய்துகாட்டும் நாள்

செய்துகாட்டலுக்கு வருவோரைக் காக்க வைத்தலாகாது. முதலிற் பழைய முறையிற் சிறிது நிலத்திலும், உடனே கருவியால் அதேயளவு நிலத்திலும் வேலை செய்து காட்டுக. பின்னர் வந்தவர்களுள் ஒருவரின் கையிலே கருவியைக் கொடுத்துவிட வேண்டும்; பத்து நிமிடம் தள்ளிப் பார்த்தவர், ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்டவரிலும் அதிகம் அறிவார். மேலதிக ஆணிகள், தகடுகள், திருத்தும் ஆயுதங்கள் அருகில் இருத்தல் வேண்டும். இறுதியில் கருவியின் பயன், பரீட்சை எண்கள், விலை, முகவரி ஆகியவை எழுதப்பட்ட ஒரேயொரு தாளை ஒவ்வொருவருக்கும் கொடுத்தல் போதும். எவரேனும் குறை கூறின் அதனை மறுத்து வாதாடாது எழுதிக் கொள்ளுதல் வேண்டும். அடுத்த திருத்தத்திற்கு அதுவே வழிகாட்டும்.

விலையும் உடன்படிக்கையும்

மக்கோமிக் தமது இயந்திரத்தின் விலையை வெளிப்படையாக அறிவித்தார்; எழுத்தில் உத்தரவாதம் அளித்தார்; ஒரு பகுதியை முன்பணமாகவும் மிகுதியை அறுவடையின் பின்னரும் பெற்றார். கமக்காரரின் கையிற் பணம் வரும் காலத்தை அறிந்து செய்த ஏற்பாடு அது.

பட்டறைக்கோ கம்பனிக்கோ உரிமையை அளிக்கும்பொழுது இரு வழிகள் உண்டு. உரிமை முழுவதையும் ஒரு தொகைக்கு விற்றுவிடலாம். அல்லது விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் இவ்வளவு என உரிமைப் பணம் பெறலாம். முன்னதில் பணம் உடனே கிடைக்கும். கருவி பரவினால் மேலும் கிடையாது. பின்னதில் எத்தனை விற்றன என்பதற்குரிய கணக்கைப் பார்க்கும் உரிமையையும், குறித்த காலத்தில் உற்பத்தி தொடங்காவிடின் உரிமை மீளும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுதல் நலம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தேவையைத் தெளிவாகக் கூறுக.
2. பழைய முறையுடன் ஒப்பிட்டு அளந்து குறித்துக் கொள்க.
3. பலருக்குக் காட்டுமுன் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்க.
4. உடனுழைத்தவரின் பங்கை எழுதி வைக்க.
5. வயலிற் செய்துகாட்டி, வந்தவரின் கையிற் கருவியைக் கொடுக்க.
6. குறையை மறையாது கூறுக.
7. உடன்படிக்கையை எழுத்திற் செய்க.

இவ்வாறு முயலும் கமக்காரர் ஒருவரின் உழைப்பு அவருக்கு வருவாயைத் தருவதுடன், வெயிலிற் குனிந்து நிற்கும் அயலார் பலரின் முதுகையும் நிமிர்த்தும்.