கூட்டம் கலைந்த பிறகு வரும் கடிதம்

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் கருமாதி வரை அந்த வீட்டில் ஆள் இல்லாத நேரம் இருக்காது. யாரோ சமைப்பார்கள், யாரோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். பந்தலைப் பிரித்ததும் எல்லோரும் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். கல்யாணக் கலகலப்பும் மறுவீட்டோடு முடிகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் சித்தப்பா வரை கூட வருகிறார். மூன்றாவது வாரம் பிள்ளை தனியாகத்தான் இருக்கிறான். பரங்கிப்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் புறப்படுகிறவரை வழியனுப்பவும் ஆள் உண்டு, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வரும் வெறுமைக்குத்தான் ஆள் இல்லை. நம் வழக்கம் ஆதரவை முதல் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தேவையோ அதன் பிறகே தொடங்குகிறது. அந்தப் பின்காலத்துக்கு ஏற்ற துணை கையால் எழுதிய கடிதம்தான் என்று சொல்ல வருகிறேன்.

இதற்கு உணர்ச்சியை மட்டும் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, வெளியே வந்த பின் தொடர்சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் கடிதம் போயிற்று. முதல் நான்கு மாதம் மாதத்துக்கு ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என ஐந்து ஆண்டில் 24 கடிதங்கள். எல்லாம் சில வரிகள்தான்: உங்களை நினைத்துக்கொண்டோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில். அறிவுரை கிடையாது. 2001-இல் வெளியான முடிவின்படி, கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது.

ஏன் என்று யோசித்தால், அந்தக் கடிதங்கள் பதிலைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது முதலில் கண்ணில் படுகிறது. கைப்பேசி அழைப்பு அப்படியல்ல. மணி அடித்தால் எடுக்க வேண்டும், எடுத்தால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்த பிறகு பேசாமல் இருந்தால் அதுவே ஒரு மனத்தாங்கல். கணவனை இழந்து இரண்டு மாதமான பெண்ணுக்கு ஒவ்வொரு விசாரிப்பும் ஒரு பதில் வேலை. கடிதம் மேசையில் கிடக்கும். மனம் வரும்போது பிரிக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி படிக்கலாம். அவசரச் செய்திக்கு, அழுகிற குரலைக் கேட்க, கைப்பேசிக்கு நிகர் எதுவுமில்லை. இரண்டும் வேறு வேறு நேரத்துக்கு உரியவை.

மோட்டோவின் கடிதங்கள் தட்டச்சில்தானே இருந்தன, கையெழுத்து எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே வாசகத்தை எல்லோருக்கும் அச்சடித்து அனுப்பக்கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடிக்க வேண்டும் என்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள். உனக்கென்று ஒருவர் உட்கார்ந்தார் என்பது தெரிய வேண்டும். அன்று அதைத் தட்டச்சே காட்டியது. நொடியில் இயந்திரம் ஆறுதல் எழுதித் தரும் இன்று, அதைக் காட்ட நம்மிடம் மிஞ்சியிருப்பது கோணலான கையெழுத்தும் அடித்துத் திருத்திய சொல்லும்தான்.

கடிதம் சோறு போடுமா என்ற கேள்வி இதைவிடக் கடுமையானது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீனவ ஊரான தேவனாம்பட்டினத்துக்கு அன்று வேண்டியிருந்தது படகும் வலையும். அதை மறுக்க முடியாது. ஆனால் நம் மரபில் கடிதமும் உதவியும் பிரிந்திருந்ததில்லை. பழைய மணியார்டர் படிவத்தின் அடியில் சேதி எழுத ஒரு சிறு துண்டு இருந்தது. தபால்காரர் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு அதையும் கிழித்துக் கொடுப்பார். ரூபாய் செலவாகிவிடும், துண்டு பெட்டியில் கிடக்கும். கடிதமே துணையாக நின்றதும் உண்டு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த எழுத்தாளர் புதுமைப்பித்தன், சினிமா வேலையாகப் புனேயில் கிடந்த 1947, 48-இல், கைக்குழந்தையோடு திருவனந்தபுரத்தில் இருந்த மனைவி கமலாவுக்கு எழுதிக்கொண்டேயிருந்தார். அவர் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாயின. காசநோயோடு திரும்பியவர் 1948 ஜூன் 30-இல் இறந்தார். தமிழ்ச் சிறுகதையின் பெரிய கலைஞன் மனைவிக்கு எழுதும்போது, வீட்டுக் கவலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் கணவன் மட்டுமே.

துக்கச் செய்தி வந்த அட்டையைப் படித்ததும் கிழித்துப் போடும் வழக்கம் நமக்கு உண்டு, அதனால் ஆறுதல் கடிதத்தை வீட்டில் வைப்பதா என்று தயங்குவார்கள். கிழிப்பது சாவைச் சொல்லும் தாளைத்தான். மூன்றாம் மாதம் போகும் கடிதம் சாவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இறந்தவர் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையை, அந்த வீட்டாருக்குத் தெரியாத ஒன்றை, எழுதுங்கள். விடுதிப் பிள்ளைக்கு எழுதினால் உபதேசம் வேண்டாம். வீட்டு வேப்பமரம் பூத்ததை எழுதினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பொருந்தாது என்பது உண்மை. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம்தான். அவர்களுக்குக் குரல் பதிவு போதும்.

"எனக்கு எழுத வராது" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நன்றிக் கடிதம் எழுதியவர்களை வைத்து ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிக்கலஸ் எப்ளியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பெறுகிறவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் அளவுக்கு மீறி அஞ்சியிருந்தார்கள். பெற்றவர்களின் மகிழ்ச்சியோ அவர்கள் நினைத்ததைவிட அதிகம்.

கருமாதிக்குப் போய்வந்த அன்றே நாட்காட்டியில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். அன்று ஓர் இன்லேண்ட் லெட்டர் வாங்கி அந்த வீட்டுக்கு எழுதுங்கள்.