ஏற்ற தோற்றம் இல்லாவிடத்து

கையடக்கத் தொலைபேசிகளின் திரைகள் அளவானும் புள்ளி நெருக்கத்தானும் பலவாம். ஒவ்வொன்றற்கும் தனித் தோற்றம் வரைந்துவைத்தல் எவர்க்கும் இயலாது. ஏற்றது இல்லாவிடத்து எதனைக் கொள்வது? அன்ரொயிட் இயங்குதளம் இதற்கு இருவேறு விடை தருகின்றது.

நெருக்கத்தைப் பொறுத்தவரை அது தாராளமாகவே நடந்துகொள்ளும். அங்குலத்துக்கு 160 புள்ளி என்பது அடிப்படை. 240, 320, 480 என்பன மேற்படிகள். 320க்குரிய படம் இல்லையெனின் பிறிதொரு படியிலுள்ளதை எடுத்து அளவு மாற்றிக் காட்டும். சிறியதைப் பெருப்பித்தலினும் பெரியதைச் சுருக்குதலையே அது விரும்பும். பெருப்பித்த படம் மங்குமன்றோ?

திரையளவிலோ அத்துணை இரக்கம் இல்லை. சிறுதிரைக்கென வரைந்ததைப் பெருந்திரையில் ஏற்கும். பெருந்திரைக்குரியதைச் சிறுதிரையில் ஏற்காது. கோப்புறைப் பெயரோடு சேரும் அளவுக் குறிப்பை நம் இலக்கண வழக்கில் அடை எனலாம். ஒரு செயலியின் பக்க அமைப்புகள் யாவும் பெருந்திரை அடை பெற்ற கோப்புறையிலேயே இருப்பின், சாதாரணத் திரையில் அப்பக்கத்தைத் திறக்க முயன்றவுடன் செயலி முறிந்து நின்றுவிடும். பெருந்திரைக் கருவியில் மட்டும் சோதித்தவர்க்கு இக்குறை புலப்படாது. ஆதலின், அடை எதுவும் பெறாத 'லேஅவுட்' என்னும் பொதுக் கோப்புறையில், எளியதாயினும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அமைப்பை முதற்கண் வைத்தல் வேண்டும்.