நூதனசாலைக்குப் போனால் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும்?

படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போகப் போறே என்று நம்ம தோட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். டீச்சர், நர்ஸ், டொக்டர், பொலிஸ், பேங்க் வேலை என்று ஐந்தாறு பதில்தான் வரும். அதைப் பிள்ளைகளின் குறை என்று நாம் சொல்ல மாட்டோம். கண்ணால் கண்ட வேலையைத்தானே பிள்ளை சொல்லும்? பாடசாலை இருக்கிறது, டிஸ்பென்சரி இருக்கிறது, டவுனில் பேங்க் இருக்கிறது. கொழும்புக் கடைகளுக்குப் போன அண்ணன்மார் தீபாவளிக்கு வந்து போகிறார்கள். இதற்கு வெளியே உள்ள வேலைகளை யார் காட்டுவது?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. க.பொ.த. சாதாரண தரம் முடிந்ததும் உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்று முடிவெடுக்க வேண்டும். கலை, வர்த்தகம், விஞ்ஞானம், கணிதம் என்று இருந்தவற்றோடு 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவும் சேர்ந்திருக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரமே இல்லை. இருக்கிற இடத்திலும் கலைப் பிரிவு மட்டும் என்றால், விஞ்ஞானம் படிக்கப் பிள்ளை தூரத்து டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, சில பேருக்கு விடுதிச் செலவும் உண்டு. கொழுந்து பறித்த காசில் இந்தச் செலவைச் செய்கிற தாய்க்கு, பிள்ளை என்ன ஆவதற்காக இதைப் படிக்கிறான் என்று தெரிய வேண்டாமா? தெரியாதபடியால்தான், "போதும் படிச்சது, மாமாவோட கடைக்குப் போ" என்று பல வீடுகளில் கதை முடிகிறது.

இதற்கு ஒரு வழியாக நாம் சொல்ல நினைப்பது நூதனசாலையை, அதாவது மியூசியத்தை. நம் பாடசாலைகளும் சுற்றுலா போகாமல் இல்லை. கண்டிக்குப் போனால் தலதா மாளிகை, பேராதனைப் பூந்தோட்டம், பிறகு ஐஸ்கிரீம். நேரம் மிஞ்சினால் நூதனசாலைக்குள் வரிசையாக ஒரு நடை. "தொடாதே, சத்தம் போடாதே" என்பதைத் தவிர பிள்ளைகள் காதில் வேறொன்றும் விழுவதில்லை. இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அப்படிப் போவதும் ஒன்றுதான், போகாமல் இருப்பதும் ஒன்றுதான்.

ஒரு பொருளைப் பார்த்தால், இது எவ்வளவு பழசு என்று மட்டும் கேட்கக் கூடாது. இதைச் செய்தது யார், கண்டுபிடித்தது யார், இப்போது கெடாமல் வைத்திருப்பது யார், அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்கப் பழக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த தேயிலையிலிருந்தே தொடங்குவோம். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அது. மூடிக் கிடந்த கட்டடத்தைத் திருத்தி 2001இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். பழைய தொழிற்சாலைகளில் ஓடிய இயந்திரங்களும், ரோலர்களும், டிரையர்களும், ஜேம்ஸ் டெய்லர் சம்பந்தப்பட்ட பொருட்களும் அங்கே உண்டு. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் அவர். நம்ம பிள்ளைக்கு இவையெல்லாம் புதுசா என்று கேட்பீர்கள். ஸ்டோருக்குள் அப்பா ரோலரில் நிற்பதைப் பார்த்த பிள்ளைதான். ஆனால் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிள்ளையை விட மாட்டார்கள். இங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஆற்றுத் தண்ணீர் விழுந்து சக்கரம் எப்படிச் சுற்றியது, அந்தச் சுழற்சி வார்ப்பட்டி வழியாக ரோலருக்கு எப்படிப் போனது என்று ஒரு பையன் குனிந்து பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குள் ஒரு மெக்கானிக் இருக்கிறான். கணக்கு நன்றாக வந்தால் ஒரு பொறியியலாளர் இருக்கிறார். சாதாரண தரத்தோடு நிற்கிற பிள்ளைக்கும் வழி உண்டு. பிட்டர், லேத் வேலை, மின்னிணைப்பு இவற்றுக்கெல்லாம் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம்.

அதே இடத்தில் தேநீர் ருசி பார்க்கிறவர் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கொழும்பில் தேயிலை ஏலம் 1883 முதல் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு தோட்டத்துத் தூளையும் ஊற்றி, உறிஞ்சி, துப்பி, தரம் சொல்கிற தொழில் ஒன்று இருக்கிறது. தரகர் கம்பனிகளில் பயிற்சிக்குச் சேர்ந்து வருடக்கணக்கில் பழக வேண்டும், ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும். நாலு தலைமுறையாகத் தேயிலை வாசத்திலேயே வளர்ந்த வீட்டிலிருந்து இந்த மேசைக்கு எத்தனை பேர் போயிருக்கிறார்கள்?

அடுத்தது பேராதனை. பூந்தோட்டத்துக்குப் போகிற எல்லோரும் பூவைப் பார்க்கிறார்கள், யானை மூங்கிலைப் பார்க்கிறார்கள். இலைகளையும் கிளைகளையும் உலர்த்தி, பெயர் எழுதி, தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கும் தேசிய உலர்தாவரச் சேகரிப்பும் அங்கேதான் இருக்கிறது. காய்ந்த இலையை ஏன் நூறு வருஷம் வைத்திருக்க வேண்டும்? இதற்குப் பதில் நம்ம சொந்தக் கதையிலேயே இருக்கிறது. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படியத் தொடங்கியது. பேராதனைத் தோட்டத்தின் தலைவராக இருந்த துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பேர்க்லி என்ற அறிஞர் அது ஒரு புதுப் பூஞ்சணம் என்று கண்டு பெயர் வைத்தார். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கேயே வந்து, அந்த நோய் காற்றில் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, அந்த மலைகளில் தேயிலை வந்தது.

1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது, தேயிலையையே ஆராய்வதற்கென்று தலவாக்கலையில் ஒரு நிலையம் இருந்தது. இன்று நாம் வீபி என்று சொல்லிப் பறிக்கிற தேயிலையில், டீஆர்ஐ 2025 போன்ற ரகங்கள் அங்கே தெரிந்தெடுத்தவை. கொழுந்தைப் புரட்டிப் பார்த்து "இது நோய் பிடிச்ச இலை" என்று அம்மா சொல்கிறாளே, அதையே நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை இருக்கிறது. அதற்கு உயர்தரத்தில் உயிரியல் படிக்க வேண்டும். விவசாய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது.

கொழும்புக்குப் போக வசதி கிடைத்தால் தேசிய நூதனசாலையை விடாதீர்கள். 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்த கட்டடம். உள்ளே காலியில் கிடைத்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். 1409ஆம் ஆண்டைக் காட்டும் கல். சீனத்துக் கப்பல் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனைத் தெனாவரை நாயனாருக்கும், பாரசீக மொழியில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. பிறகு அதை யாரோ மதகுக்கு மூடுகல்லாகப் போட்டுவிட்டார்கள். 1911இல் ஒரு பொறியியலாளர் கண்டு எடுத்திராவிட்டால், இன்றும் அதன்மேல் வண்டிதான் ஓடும்.

இந்த ஒரு கல்லைச் சுற்றி எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். பழைய எழுத்தை வாசிக்கிற கல்வெட்டாய்வாளர், கல் அரித்துப் போகாமல் காக்கிற இரசாயனம் தெரிந்தவர், படம் பிடிக்கிறவர், விளக்கப் பலகை எழுதுகிறவர், அதைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுகிற மொழிபெயர்ப்பாளர், வருகிறவர்களுக்குச் சொல்லிக் காட்டுகிற வழிகாட்டி. கலைப் பிரிவு படிக்கிற பிள்ளைக்கு டீச்சர் வேலை மட்டும்தான் என்று யார் சொன்னது? தொல்லியலைப் பேராதனையிலும், களனியிலும், யாழ்ப்பாணத்திலும் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். மூன்று மொழியும் சரளமாகப் பேசுகிற பிள்ளைக்கு நாடெங்கும் தேவை இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கடைவீதியிலேயே சிங்களம் பழகிவிடுகிறார்கள். எழுதவும் பழகிவிட்டால் அது பெரிய முதல்.

ரயிலில் ஆசை உள்ள பிள்ளைகளுக்குக் கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் நூதனசாலை இருக்கிறது. பழைய என்ஜின்களும் சமிக்ஞைக் கருவிகளும் பார்க்கலாம்.

போவதற்கு முன்பு செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதிபர் மூலம் முன்கூட்டியே கடிதம் எழுதி, திறக்கும் நாளையும் மாணவர் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் விளக்குகிற ஒருவர் வேண்டும் என்றும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். தமிழும் அரச கரும மொழி. அதைக் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. ஐம்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் விடாமல் ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள். அங்கே வேலை செய்கிற ஒருவரிடமாவது, காவலாளியாக இருந்தாலும் சரி, "நீங்க எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். தரம் 8, 9 பிள்ளைகளைக் கொண்டுபோவது நல்லது. பதினோராம் தரத்தில் பரீட்சைப் பயம்தான் தலைக்குள் இருக்கும்.

பஸ் பிடிக்கக் காசு சேராத பாடசாலைகள் என்ன செய்வது? கம்பளை – நுவரெலியாப் பாதையில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக 2007இல் ஆக்கியிருக்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் புழங்கிய சாமான்களும் பத்திரங்களும்தான் அங்கே காட்சிப் பொருள். அதைப் போல ஒரு வகுப்பறை மூலையில் நீங்களும் தொடங்கலாம். பழைய கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, செக்றோல் தாள், பாட்டியின் பித்தளைச் செம்பு, காமன் கூத்துக்குக் கட்டின சலங்கை என்று பிள்ளைகள் கொண்டு வரட்டும். யாருடையது, எந்த டிவிசன், எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும். இலக்கம் போட்டு ஒரு கொப்பியில் பதிய வேண்டும். துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது என்று விஞ்ஞான ஆசிரியரிடம் கேளுங்கள். சாமான் கொடுத்தவர்களுக்கு ஒரு பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு "என் கத்தி எங்கே?" என்று சண்டை வரும்.