பழவேற்காட்டின் வரலாற்று மனிதர்கள்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள ஒரு கடற்கரை ஊர். ஆங்கிலேயர் இதைப் புலிகாட் என்று எழுதினர். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதன் பெயரால் அழைக்கப்படுகிறது. ஏரியும் பறவைகளும் இறாலும் பலருக்குத் தெரிந்தவை. 17 ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த சிலருடைய பெயர்கள் ஐரோப்பிய நூல்களில் இடம்பெற்றுள்ளன என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

கோட்டையும் வணிகர்களும்

விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1610 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர் இதைப் பொறுக்காமல் 1612 இல் தாக்கி அழித்தனர். அதன்பின் ஒல்லாந்த அதிகாரி வெம்மர் வான் பெர்கம் கோட்டை ஒன்றை 1613 இல் கட்டி முடித்து, தம் நாட்டு மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்டிரியா என்று பெயரிட்டார். 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் இதுவே. இங்கு வெடிமருந்து ஆலையும் இயங்கியது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகிவிட்டது. ஆனால் அருகிலுள்ள கோட்டைக்குப்பம் என்னும் மீனவர் ஊரின் பெயரில் அது இன்னும் நிற்கிறது.

ஒல்லாந்தருக்குத் துணி வாங்கிக் கொடுத்தவர்கள் உள்ளூர்ப் பெருவணிகர்கள். அவர்களில் மலையா என்று அறியப்பட்ட அச்சுதப்ப செட்டி தலையாயவர். தரகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தொடங்கி, தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குச் சொந்தமாகக் கப்பல் அனுப்பும் அளவுக்கு உயர்ந்தார். 1634 இல் அவர் இறந்தபின் தம்பி சின்னண்ணா அவ்விடத்துக்கு வந்தார். இவர்களை வெறும் தரகர் என்று சொல்வது பொருந்தாது. வரிக் குத்தகை எடுத்தனர், அரசர்களுக்கும் கும்பினிக்கும் இடையே தூது போயினர், சில வேளைகளில் அரசியல் சண்டைகளிலும் நேராக இறங்கினர்.

ரோகெரியசும் பத்மநாபனும்

பழவேற்காட்டின் பெயரை அறிவுலகில் நிலைநிறுத்தியவர் ஆபிரகாம் ரோகெரியஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியார். லெய்டன் நகரில் சமயக் கல்வி பெற்ற இவர், 1632 இல் கெல்டிரியாக் கோட்டைக்குக் குருவாக வந்து பத்து ஆண்டுகள் இருந்தார். 1642 இல் படாவியாவுக்கு (இன்றைய சகார்த்தா) மாற்றப்பட்டார். 1647 இல் தாய்நாடு திரும்பி, 1649 இல் கௌடா நகரில் இறந்தார். அவர் எழுதிவைத்த நூலை அவருடைய மனைவி 1651 இல் லெய்டனில் வெளிவரச் செய்தார். அதன் தலைப்பைத் தமிழில் 'மறைந்திருக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த வாசல்' என்று சொல்லலாம்.

தலைப்பைப் பார்த்தால் பிறர் சமயத்தை இகழும் நூல் என்று தோன்றும். உள்ளே இருப்பது வேறு. முதற்பகுதி பிராமணர்களின் வாழ்க்கையையும் வழக்கங்களையும் சொல்கிறது: வருணப் பிரிவுகள், சைவர், வைணவர், சுமார்த்தர் முதலிய சமயப் பிரிவினர், திருமணம், இறப்புச் சடங்கு, உடன்கட்டை. இரண்டாம் பகுதி அவர்களின் இறைநம்பிக்கையையும் கோயில் வழிபாட்டையும் விளக்குகிறது. அக்காலத்து ஐரோப்பியப் பயணிகள் பலர் கேள்விப்பட்டதையும் கற்பனையையும் கலந்து எழுதினர். ரோகெரியஸ் அப்படிச் செய்யாமல் யார் சொன்னார் என்பதையும் பதிவு செய்தார்.

சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். அவர் ஒல்லாந்தரின் பாதுகாப்பை நாடிப் பழவேற்காட்டில் தங்கியிருந்தவர். ரோகெரியசுக்கு வடமொழி தெரியாது. பத்மநாபனுக்கு ஒல்லாந்த மொழி தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துக்கீசியம். அன்று இக்கரைத் துறைமுகங்களில் வணிகப் பேச்சுக்கு உதவிய மொழி அதுதான். ஒல்லாந்தர் யாரைப் பகைவர் என்று விரட்டினார்களோ, அவர்களின் மொழி இல்லாமல் இந்த நூல் பிறந்திருக்காது.

நூலில் பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் ஒல்லாந்த மொழியில் உரைநடையாக இடம்பெற்றுள்ளன. பத்மநாபன் வடமொழிச் செய்யுளுக்குப் போர்த்துக்கீசியத்தில் பொருள் சொல்ல, ரோகெரியஸ் அதை ஒல்லாந்த மொழியில் எழுதிக்கொண்டார். வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் மொழிபெயர்ப்பு இதுவே என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. சார்லஸ் வில்கின்சின் ஆங்கிலப் பகவத் கீதை 1785 இல்தான் வந்தது. அதற்கு 134 ஆண்டுகளுக்கு முன்பே பழவேற்காட்டில் நடந்த வேலை அச்சாகிவிட்டது. பர்த்ருஹரியின் மூன்றாவது நூலான சிருங்கார சதகம் மட்டும் இதில் இல்லை. பாதிரியார் ஒருவரிடம் காதற்பாடலுக்குப் பொருள் சொல்லப் பத்மநாபன் கூச்சப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்நூல் 1663 இல் செருமன் மொழியிலும் 1670 இல் பிரெஞ்சிலும் வந்தது. செருமன் சிந்தனையாளர் ஹெர்டர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதிலுள்ள நீதிமொழிகளை எடுத்துக் கவிதை நடையில் எழுதினார். 1915 இல் வடமொழி அறிஞர் வில்லெம் காலண்ட் திருத்திய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். நூலின் அட்டையில் ரோகெரியசின் பெயர் மட்டுமே உள்ளது. இன்றைய வழக்கப்படி பார்த்தால் பத்மநாபனை இணையாசிரியர் என்றே குறிப்பிட வேண்டும். அவர் பிறந்த ஊர், இறந்த ஆண்டு எதுவும் எஞ்சவில்லை. அவர் பெயர் எஞ்சியதே ரோகெரியசின் நேர்மையால்தான்.

பெயர் எஞ்சாதவர்கள்

பத்மநாபனுக்கு ஒரு பெயராவது கிடைத்தது. அவர் வாழ்ந்த அதே காலத்தில், இதே துறையிலிருந்து ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகப் படாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பஞ்சம் வந்த ஆண்டுகளில் இந்த வணிகம் பெருகியது. சோற்றுக்காகத் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் உண்டு. கும்பினிக் கணக்குகளில் அவர்கள் பெரும்பாலும் தலைக்கணக்காகவே எழுதப்பட்டுள்ளனர். புலிகாட் கைக்குட்டை, லுங்கி என்று உலகச் சந்தையில் ஊரின் பெயரைத் தாங்கிய துணிகளை நெய்தவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

ஒல்லாந்தக் கல்லறைத் தோட்டம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். உள்ளே அதிகாரிகள், வணிகர்கள், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் பெயர்கள் ஒல்லாந்த மொழியில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ரோகெரியசின் கல்லறையை அங்கே தேட வேண்டாம். அவர் கௌடாவில் இறந்தவர். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு.