அன்று கூச்சல், இன்று கணக்கு

1999 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்கக் கால்பந்து லீகின் டிராஃப்ட் நடந்தது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நாள் அது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சுமார் முப்பது பேர் பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஊரின் விளையாட்டு வானொலி திரட்டிய கூட்டம். அவர்கள் கேட்டது ரிக்கி வில்லியம்ஸை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பந்தோடு ஓடியே பேர் வாங்கியவர். ஊரின் ஈகிள்ஸ் அணியின் முறை வந்தபோது மேடையில் ஒலித்த பெயரோ டோனவன் மெக்நாப். கூட்டம் ஊளையிட்டது. அந்த இளைஞர் தன் வாழ்வின் பெரிய நாளில் அந்தச் சத்தத்தின் நடுவேதான் மேடையேறினார். இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.

மெக்நாப் அங்கே 11 பருவங்கள் ஆடினார். லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் ஒன்று உட்பட அணியைப் பல பெரிய ஆட்டங்களுக்குக் கொண்டுபோனார். வில்லியம்ஸுக்காக நியூ ஆர்லியன்ஸ் அணி அந்த ஆண்டின் தன் டிராஃப்ட் வாய்ப்புகள் அத்தனையையும், அடுத்த ஆண்டின் இரண்டையும் கொடுத்தது. அந்தப் பருவத்தில் அந்த அணி 13 ஆட்டங்களில் தோற்றது, பயிற்சியாளரின் வேலையும் போயிற்று.

அன்றைய ரசிகருக்குத் தெரிந்தது ஆட்டக்காரரின் பெயரும் அவர் ஓடிய அழகும்தான். விலை அவர் கண்ணுக்கு வரவில்லை. அணிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்ததே 1994-இல். அப்போது அது 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025-இல் 27 கோடியே 92 லட்சம். இன்று ஃபிலடெல்ஃபியாவின் மதுக்கடையில் உட்கார்ந்திருப்பவர், யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், அவரை விட்டால் உச்சவரம்புக் கணக்கில் எவ்வளவு தங்கும் என்று விரல்விட்டுச் சொல்கிறார். 2021-இல், பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை வேறு அணிக்கு அனுப்பியபோது, போன ஆளுக்காக 3 கோடியே 38 லட்சம் டாலர் கணக்கில் நின்றது. அந்தத் தொகை ஊருக்கே மனப்பாடம்.

இந்தக் கணக்குக்கெல்லாம் பொறுப்பாளி ஈகிள்ஸின் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன். சட்டம் படித்தவர், தொழில்முறையில் பந்தாடாதவர். அணி தோற்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்லிக்காட்டுவார்கள். 2020 டிராஃப்டில் அவர் ஜேலன் ரேகரை எடுத்தார். அடுத்த நொடியே மினசோட்டா ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. ரேகர் சோபிக்கவில்லை, ஜெஃபர்சன் லீகின் தலைசிறந்த பந்துபிடிப்பவர்களில் ஒருவரானார். எடுத்தவரை வைத்து மட்டுமல்ல, எடுக்காமல் விட்டவரை வைத்தும் மேலாளரை நிறுக்கிறார்கள். இந்த விஷயத்தில் ரசிகர்களின் கோபம் நியாயம் என்பேன். ஆனால் அதே டிராஃப்டின் 53-ஆவது இடத்தில் அவர் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்ததற்கும் அதே அளவு திட்டினார்கள். வென்ட்ஸுக்கு முந்தின வருடம்தான் பெரும் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள், இன்னொரு குவார்ட்டர்பேக் எதற்கு என்று கேட்டார்கள். கணக்கு சரிதான். பையனை மட்டும் யாரும் பொறுத்துப் பார்க்கவில்லை. மெக்நாபுக்கு நேர்ந்ததுதான் இவருக்கும்.

இப்போது மேலாளர்களின் அறைக்கதவும் ரசிகர்களுக்குத் திறந்துவிட்டது. பந்தோடு ஓடும் சேக்வான் பார்க்லியை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி விட்டுக்கொடுத்த 2024-இல், அவர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று அதன் உரிமையாளர் சொன்னது தொலைக்காட்சித் தொடரில் அப்படியே வந்தது. பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்குத்தான் போனார். அந்தப் பருவத்தில் 2,005 கெஜம் ஓடினார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் 40-22 என்று சூப்பர் பௌலை வென்றது. இறுதியாட்டத்தின் சிறந்த வீரர், ஹர்ட்ஸ்.

ஐந்து நாள் கழித்து வெற்றி ஊர்வலம். கூட்டத்திலிருந்து யாரோ எறிந்த பீர் டின் ரோஸ்மனின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு, ஊரின் கலைக்கூடத்துப் படிகளில் நின்று பேசினார். இந்த ஊருக்காக ரத்தம் சிந்துகிறேன் என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது.