தாத்தா மறக்கலாம்... நீங்க மறக்காதீங்க!

எக்ஸாம் ஹாலில் உட்கார்ந்ததும் படிச்சதெல்லாம் பறந்து போறது உங்களுக்குப் புதுசில்லை. பைக் சாவியைத் தேடி வீட்டையே புரட்டிப் போடுறதும் சகஜம்தான். பயப்படாதீங்க, அதெல்லாம் வியாதி இல்லை! சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தால் அது சாதாரண மறதி. சாவி எதற்கு என்பதே மறந்துவிட்டால்? அங்கேதான் உஷாராகணும்.

'இப்பதானே சாப்பிட்டீங்க!' என்றால், 'எனக்கு யாரு சோறு போட்டா?' என்று பாட்டி சண்டைக்கு வருகிறாரா? முப்பது வருஷமாக நடந்த தெருவில் தாத்தா வழி தெரியாமல் நிற்கிறாரா? 'வயசாச்சுல்ல' என்று விட்டுடாதீங்க. அது அல்ஸைமராக இருக்கலாம்.

1901-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் 51 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தன் பெயரைக்கூட அவரால் முழுசாக எழுத முடியவில்லை. 1906-ல் அவர் இறந்த பிறகு, மூளையை மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்தார் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர். மூளை சுருங்கியிருந்தது. புரதப் படிவுகளும் இழை முடிச்சுகளும் தெரிந்தன. 1910-ல் அந்த டாக்டரின் பெயரே நோய்க்கும் வந்துவிட்டது.

'ஓ... கஜினி சூர்யா மாதிரியா?' என்று கேட்காதீங்க. அது தலையில் அடிபட்டதால் வந்த பிரச்னை. இது வருஷக்கணக்கில் மெதுவாக வளரும். காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும், கல்யாணப் பந்தல் ஞாபகத்தில் இருக்கும். பிறகு அதுவும் போகும். 2018-ல் வந்த '60 வயது மாநிறம்' படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்தது இந்த நோயாளியாகத்தான்.

2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை அல்ஸைமர். முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் டாக்டரிடம் கூட்டிட்டுப் போயே ஆகணும். ஏன்னா வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு சிகிச்சை உண்டு.

இப்ப கொஞ்சம் அம்மாவைப் பாருங்க. தாத்தாவைக் குளிப்பாட்டுவது, ராத்திரி எழுந்து நடப்பவரைப் பிடித்து உட்கார வைப்பது, 'என் பணத்தைத் திருடிட்டே' என்ற பழியைக் கேட்டுக்கொள்வது... பல வீடுகளில் எல்லாம் அம்மா தலையில்தான். நல்ல தூக்கம் இல்லை, ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக முடியாது. கவனிச்சுக்கிறவங்களே மனச்சோர்வில் விழுவது ரொம்ப சகஜம். நீங்க என்ன செய்யலாம்?

* 'நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்' என்று க்விஸ் வைக்காதீங்க. 'தாத்தா, நான்தான் உங்க பேத்தி' என்று நீங்களே சொல்லிடுங்க.

* எப்பவோ இறந்துபோன தாத்தாவைப் பாட்டி தேடினால், 'அவர் செத்துட்டாரே' என்று ஒவ்வொரு தடவையும் சொல்லாதீங்க. அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுத் துக்கம். 'தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் பாட்டி?' என்று பேச்சைத் திருப்புங்க.

* சட்டைப் பையில் வீட்டு போன் நம்பர் எழுதிய அட்டை எப்பவும் இருக்கட்டும். சமையல் முடிந்ததும் கேஸ் ரெகுலேட்டரை மூடிடுங்க.

* அவர் காலத்துப் பாட்டைப் போட்டு விடுங்க. பேச்சு குறைந்தவர்கள்கூட கூடவே முணுமுணுப்பதுண்டு.

* அம்மாவால் முடியலைன்னா, மூத்த குடிமக்களுக்கான 14567, மனநல உதவிக்கான 14416 என இரண்டு இலவச நம்பர்களும் உங்க போனில் இருக்கட்டும்.

உங்களுக்கும் ஒரு சேதி. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தலைக்காயம் உள்பட 14 விஷயங்களைக் கவனித்தால், டிமென்ஷியாவில் 45 சதவிகிதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது 2024-ம் ஆண்டு லான்செட் அறிக்கை. ஹெல்மெட் போடச் சொல்ல இன்னொரு காரணமும் கிடைச்சாச்சு!

செப்டம்பர் 21 உலக அல்ஸைமர் தினம். காலேஜ் என்.எஸ்.எஸ். டீமோடு பக்கத்துத் தெருவில் ஒரு வீதி நாடகம் போடலாம். ஆனா, செப்டம்பர் வரைக்கும் காத்திருக்க வேணாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் தாத்தாவை நீங்க பார்த்துக்கிட்டு, அம்மாவை நிம்மதியா தூங்க விடுங்க, பாஸ்!